குமிழங் கொம்பும் கொடுமரமும்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனைப் பற்றிக் கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடு மேய்க்கும் இளைஞன் குழல் ஊதுகிறான்; அது சலித்ததும், உள்ளே புழையுள்ள குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான் என்றேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஓட்டைக் கொம்புல வில்லு செஞ்சா ஒடிஞ்சிடாதா?" என்று கேட்டான். அவன் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். எந்தத் தடி தாங்கும், எது தாங்காது என்பது அவன் வீட்டில் அன்றாடம் பேசப்படும் செய்தி.

அந்தப் பகுதியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலரிடம் எடுத்துச் சொல்லி வந்தவன் நான். புழல் என்றால் உட்டுளை உடையது என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவதே என் வழக்கம். மாணவன் அந்தச் சொல்லில் நின்றுவிட்டான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அன்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் விடை சொல்ல எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அந்த விடையையும், அதனால் நான் கைவிட நேர்ந்த ஒரு கருத்தையும் ஆசிரிய நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைவிட்ட கருத்து எல்லோரும் அறிந்ததே. வேடன் அம்பு எய்தான்; நாண் அதிர்ந்து இனிய ஓசை எழுந்தது; அவ்வோசையில் மயங்கி வில்லையே இசைக் கருவியாக்கினான்; அதுவே வில்யாழ்; அதிலிருந்து பேரியாழும் பிறவும் வளர்ந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் எழுதிய விடையும் இதுதான், மதிப்பெண்ணும் கிடைத்தது. மேடைகளிலும் இதைக் கேட்டிருக்கிறோம். வில்லுக்கும் யாழுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெயரே அவ்வுறவைக் கூறுகிறது. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூலின் யாழுறுப்பியலில் வில்யாழை ஆராய்ந்திருக்கிறார். நான் குறை கூறுவது அடிகளாரின் ஆராய்ச்சியை அன்று. பாட்டைப் பாராமல் கதையை மட்டும் திருப்பிச் சொல்லும் நம் பழக்கத்தையே. ஏனெனில், வில்யாழ் செய்யப்படும் முறையை விளக்கமாகச் சொல்லும் அப்பகுதியில் வேடனே இல்லை. அங்கே இருப்பவன் முல்லை நிலத்து ஆயன். அவன் கையில் வில்லும் இல்லை.

பாட்டைப் பிறகு பார்ப்போம். முதலில் வில்லைப் பார்க்க வேண்டும். மாணவனுக்கு விடை சொல்ல வேண்டுமானால் வில் எப்படி உண்டாகிறது என்று நான் அறிந்தாக வேண்டும் அன்றோ? லாபிஸ் வட்டாரத்தில் வில் செய்பவர் எவரையும் நான் அறியேன். இந்தத் தீபகற்பத்தின் வடக்குக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் ஒரு காலத்தில் நெடுவில் வைத்திருந்தனர். ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906-இல் வெளியிட்ட பெருநூலில் அதை விவரித்துள்ளனர். பின்னர் அவர்களிடமும் அது மறைந்து சும்பித்தான் என்னும் ஊதுகுழாயே நின்றது. ஜொகூரில் உள்ள ஜக்குன் மக்களின் கருவியும் சும்பித்தானே. ஆகவே நானும் பிள்ளைகளும் கைபோன போக்கில் தொடங்கினோம்.

முதல் முயற்சி மூங்கில். பாட நூல்களில் வில் எப்போதும் பிறைபோல் வரையப்படுவதால், வில்லை முதலில் வளைத்துவிட வேண்டும் என்று எண்ணினோம். பச்சை மூங்கிலைத் தீயில் வாட்டி, இரு மரங்களுக்கு இடையே மாட்டி, ஒரு வாரம் வளைந்தபடியே வைத்தோம். பார்க்க அழகான பிறை கிடைத்தது. நாண் கட்டி இழுத்தபோது அம்பு பத்தடி போய் விழுந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. வில்லின் ஆற்றல் வளைவில் இல்லை. வளைத்ததை எதிர்த்து நிமிர முயலும் மரத்தின் பிடிவாதத்தில் இருக்கிறது. நாண் நிற்கும் பக்கமாக முன்னரே வளைந்துவிட்ட மரத்திற்கு எதிர்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இரண்டாவது, பள்ளிக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த ஒரு பாக்கு மரம். பனையினத்து மரங்களுக்குப் புறத்தே வைரமும் அகத்தே சோறும் அமைந்திருக்கும். மரத்தை நீளவாக்கில் பிளந்து, சோற்றை நீக்கி, ஐந்தடி நீளமுள்ள நான்கு பட்டைகளை எடுத்து, தாழ்வாரத்தில் நான்கு மாதம் காயவைத்தோம். ஈரமரம் வளையும், ஆனால் நிமிராது. மிகக் காய்ந்ததோ முறியும். எங்கள் ஊர் மழையில் மிகக் காயுமோ என்ற கவலைக்கு இடமில்லை.

வில்லுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு. எய்பவனுக்கு அப்பால் இருப்பது முதுகு. அவனை நோக்கியிருப்பது வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நெருக்குண்கிறது. இதை அறியாமல், முதல் பட்டையின் வெளிப்புறம் கரடாக இருக்கிறதே என்று நானே இழைப்புளியால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அழகு பார்த்ததன் பலன், முக்கால் இழுப்பில் அது இரண்டாயிற்று. முறிவதற்குச் சற்று முன் மெல்லிய 'டிக்' என்ற ஓசை கேட்டது. அடுத்த நொடி வெடிபோன்ற ஒலி. முதுகில் முனையிலிருந்து முனைவரை ஓடிய நார்களை நான் குறுக்கே அறுத்துவிட்டிருந்தேன். அறுந்த நார் எங்கே முடிகிறதோ அங்கே பிளவு தொடங்குகிறது.

அடுத்த பட்டையில் முதுகைத் தொடவில்லை. வயிற்றுப் பக்கத்தை மட்டும் பாராங் கத்தியாலும், பின்னர் உடைந்த கண்ணாடித் துண்டாலும் சீவினோம். இங்கேதான் தொழிலின் உயிர் இருக்கிறது. தடியை நடுவில் பிடித்துச் சிறிது வளைத்துப் பார்ப்பது. எந்தக் கை விறைப்பாக நிற்கிறதோ அதில் மட்டும் சிறிது சீவுவது. மறுபடி வளைத்துப் பார்ப்பது. அதிகம் வளையும் இடத்தில் கத்தி படக்கூடாது. ஓரிடத்தில் கூடுதலாகச் சீவிவிட்டால் அதைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அதற்கு ஈடாக வில் முழுவதையும் மெலிதாக்க வேண்டும். வில்லின் வலிமை போய்விடும். ஆறு சனிக்கிழமை இவ்வாறு சென்றன. ஆகவே வில்லை வளைப்பது கையன்று, கத்தி. நேரான தடி நேராகவே இருக்கிறது. சமமாக வளையும் தன்மை மட்டும் அதற்குக் கிடைக்கிறது. பிறகு இரு முனையிலும் குதை வெட்டி நாண் பூட்டினோம். முனையில் துணி சுற்றிய அம்பு திடலின் பாதியைக் கடந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டுத் தோட்டக் காவலர் வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஓட்டைக் கொம்பில் வில் செய்தால் ஒடியும். அவன் சொன்னதே சரி. முழு மூங்கிலை வளைத்துப் பார்த்தவர் அறிவர். ஓரளவு வரை இணங்கும். அதற்குமேல் குழாய் நசுங்கி மடிந்து நார்நாராகப் பிளக்கும். மூங்கிலில் வில் செய்வோர் அதைப் பிளந்து பட்டையாக்குவதும் இதனால்தான். அவ்வாறாயின் உருத்திரங்கண்ணனார் அறியாமல் பாடினாரா? அல்லது நாம்தான் 'வில்' என்ற சொல்லில் மயங்கி, அவர் சொன்ன கொம்பைப் பாராமல் விட்டோமா?

யாழுக்கு வேண்டியது வேறு. வேட்டை வில் ஒவ்வொரு முறையும் நெஞ்சளவு இழுபட்டு, உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நாணைக் கழற்றியதும் நிமிர வேண்டும். நிமிராமல் வளைந்தே நின்றால் அது வில்லுக்குக் குற்றம். வில்யாழின் கோடு அப்படியன்று. ஒரு முறை வளைத்து நரம்பு கட்டினால் அந்த வளைவிலேயே நிற்கும். நரம்பை விரலால் தெறிக்கிறோமேயன்றி மார்பு வரை இழுப்பதில்லை. மரம் அந்த வளைவுக்குப் பழகி நின்றுவிட்டாலும் இசைக்குக் கேடு இல்லை. மாறாக, கனத்த வைரத் தடியில் கட்டிய நரம்பின் ஓசை தடியோடு அடங்கிவிடும். மெல்லிய சுவரும் உள்ளே காற்றும் உடைய கொம்பு அதிர்ச்சியை வாங்கி வெளியே விடும். புழல் என்ற சொல்லை நீக்கிவிட்டால் பாட்டில் கருவி இல்லை. வெறும் கொம்பும் நாரும்தான் மிஞ்சும்.

இதைச் சோதிக்கக் குமிழங் கொம்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. விரல் பருமனுள்ள முழு மூங்கிலைச் சிறிதே வளைத்து நரம்பு கட்டினோம். அருகில் பாக்குமர வில்லையும் வைத்து, இரண்டிலும் ஒரே வகை நரம்பைப் பூட்டித் தெறித்துப் பார்த்தோம். மூங்கில் குழாயின் ஓசை பெரிது என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பறையின் மூன்றாம் வரிசை வரை கேட்டது. பாக்கு வில்லின் ஓசையைக் கேட்கக் காதை அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறகு ஒருவன் பாக்கு வில்லை வெறும் பிஸ்கட் டின்மேல் சாய்த்துத் தெறித்தான். அறை முழுதும் ஒலித்தது.

டின்னைக் கண்டதும் வில்லுப்பாட்டு நினைவுக்கு வருகிறது. நெல்லை, குமரி மாவட்டங்களில் வளர்ந்து, சுப்பு ஆறுமுகம் (1928–2022) போன்றோரால் உலகத் தமிழர் அனைவரும் அறிய வந்த கலை அது. வேட்டைக்குப் போன அரசன் ஓய்வாக இருந்தபோது வில்லைத் தட்டிப் பாடியதே அதன் தோற்றம் என்ற கதையும் உண்டு. வேடன் வில்லே இசைக் கருவி ஆனது என்போர் இதைத் தம் பக்கச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் அந்த வில்லை உற்று நோக்குங்கள். அது திண்ணிய தடி. ஆகவேதான் அதைக் குடத்தின்மேல் சார்த்த வேண்டியிருக்கிறது. மணிகளைத் தொங்கவிட்டு வீசுகோலால் அடிக்க வேண்டியிருக்கிறது. வேட்டை வில்லை இசைக்கு அழைத்து வந்தால் குடமும் கூட வந்தாக வேண்டும். ஆயன் கதையில் குடம் இல்லை, புழை இருக்கிறது.

இனிப் பாட்டின் வரிசைமுறையை நோக்குவோம். இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆயன் முதலில் தீக்கடைகிறான். அதையும் கையால் முயன்றே செய்கிறான். துரப்பணத்தை வில்லால் சுழற்றும் வழக்கம் நம் பழைய தச்சரிடமும் எகிப்தியரிடமும் உண்டு. இங்கே அந்த வில்கூட இல்லை. அத்தீயால் துளையிட்டுக் குழல் செய்கிறான். குழலில் பாலையை இசைத்துச் சலித்த பிறகே வில்யாழுக்கு வருகிறான். அதில் குறிஞ்சியை இசைக்கிறான். ஆக, உட்புழையுள்ள தண்டு ஒலிக்கும் என்பதை அவன் கை முன்னரே அறிந்திருக்கிறது. ஒரு புழைக் கருவியிலிருந்து இன்னொரு புழைக் கருவிக்குப் போகிறான். இந்த வில்யாழுக்குத் தாய் வேடன் வில் என்பதைவிட ஆயன் குழல் என்பதே பாட்டோடு பொருந்துகிறது. அவ்விசையை வண்டுகள் தம் இனத்தின் ஒலியெனக் கருதிச் செவிசாய்ப்பதாகப் புலவர் முடிக்கிறார். நாணொலியைக் கேட்டால் விலங்கும் பறவையும் ஓடும், பக்கத்தில் வருவதில்லை. வண்டின் முரலுதலுக்கு இணையான சிறிய, அடங்கிய ஒலி. மூங்கில் குழாயில் நாங்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் மறுபக்கச் சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது நரம்பில் இருக்கிறது. மரல் என்பது மருள் என்றும் வழங்கும் செடி. நம் பள்ளிகளின் வாசலில் தொட்டிகளில் வளர்க்கிறோமே, மாமியார் நாக்கு என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் அந்தச் செடியின் இனம். ஆங்கிலேயர் இவ்வினத்துக்கு வைத்த பெயர் 'வில்நாண் சணல்' என்று பொருள்படும். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வில்நாண் செய்யும் பொருள்களை அடுக்கும்போது முதலில் சொல்லும் மூர்வை என்பதும் இதுவே என்பர் பலர். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த தொட்டியிலிருந்தே சில இலைகளை அறுத்து, நீரில் ஊறவைத்து, சதையைச் சுரண்டி, நார் எடுத்துத் திரித்தோம். வெண்மையான, பளபளப்பான நார். கையால் இழுத்து அறுக்க முடியவில்லை. ஆகவே ஆயன் கட்டிய நரம்பு வில்லின் நாணே. வேட்டுவனிடமிருந்து அவன் ஏதேனும் கடன் வாங்கியிருந்தால் அது இந்த நார்; மரமன்று. வில்யாழ் என்ற பெயருக்கு வடிவமும் இந்த நாரும் போதிய காரணங்கள் என்று நினைக்கிறேன்.

அர்த்தசாத்திரத்தை எடுத்ததால் இன்னொன்று. 1909-இல் மைசூரில் சாம சாஸ்திரி பதிப்பித்து வெளியிட்ட அந்நூல் பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகைப் பொருளால் வில் செய்வதைக் கூறி, அவற்றுக்குக் கார்முகம், கோதண்டம் முதலிய பெயர்களைத் தருகிறது. வரிசைப்படி கொண்டால் கார்முகம் என்பது பனை வில். அந்தக் கணக்கில் எங்கள் பாக்குமரத் தடிக்கும் அப்பெயர் உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு ஒரே பெருமை. பிற்காலத்தில் இப்பெயர்களெல்லாம் வேறுபாடின்றி வில்லுக்கே வழங்கலாயின. நாம் அறிந்த கம்பனின் கார்முகப் படலம் சிவன் வில்லைப் பற்றியது.

அப்படலத்தைப் பற்றியும் என் கருத்து சிறிது மாறியிருக்கிறது. இராமன் வில்லை எடுத்ததைக் கண்டவர்கள், அடுத்து அது ஒடிந்ததைக் கேட்டார்களேயன்றி இடையில் நடந்ததைக் காணவில்லை என்று கம்பன் பாடியதை, 'விரைவு' என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட்டுப் போகிறோம். விரைவு சரிதான். ஆனால் கம்பன் எவற்றைக் காணவில்லை என்கிறான்? காலால் ஊன்றியதையும் நாணின் நுனியைப் பூட்டியதையும். பெரிய வில்லுக்கு நாண் ஏற்றும் முறை அதுவே. கீழ் முனையைக் காலால் அழுத்திக்கொண்டுதான் மேல் முனைக்கு நாணைக் கொண்டுபோக முடியும். எங்கள் சிறிய வில்லுக்கே காலின் துணை வேண்டியிருந்தது. தொழிலின் படிகளை அறியாதவன் அவற்றைப் பெயர் சொல்லி மறைக்க முடியாது. வான்மீகியோ நாண் ஏற்றி, இழுத்து, நடுவில் முறிந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கம்பன் அவ்விடத்தில் நாணை இழுத்ததைச் சொல்லவேயில்லை. முறிவைக் கண்ணுக்குத் தராமல் காதுக்குத் தந்தது வெறும் உத்தி என்று முன்பு எண்ணியிருந்தேன். முதல் வில் என் கையில் முறிந்த அன்று நானும் எதையும் காணவில்லை, ஒலியைத்தான் கேட்டேன். கண்டது பிறகு கையில் மிஞ்சிய இரண்டு துண்டுகளை.

வில் வளைவதற்கும் யாழ் வளைவதற்கும் உள்ள வேறுபாட்டை வள்ளுவர் நன்கு உணர்ந்திருக்கிறார் என்பதற்கு இரு குறள்களைக் கூட்டி வாசிக்கலாம். 827-ஆம் குறளில் வில்லின் வணக்கம் தீமைக்கு அறிகுறி. 279-ஆம் குறளில் நேரான அம்பு கொடியது. வளைந்த யாழ் நல்லது. பகைவர் பேச்சைப் பற்றியது ஒன்று. கூடாவொழுக்கத்தைப் பற்றியது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாக நடத்துவதால் ஒப்பிடுவதில்லை. வில் வணங்குவது திரும்பி நிமிர்வதற்காக. அந்த நிமிர்விலேதான் அம்பு பாய்கிறது. யாழின் கோடு நிமிர எண்ணாமல் வளைந்தே இருக்கிறது. இதனைக் குறளின் பொருளாக நான் ஏற்றிச் சொல்லவில்லை. உவமைக்கு உரிய பொருள் இவ்வாறு இருப்பதால் உவமை உறுதியாக நிற்கிறது என்கிறேன்.

இவ்வளவும் எழுதியபின், இலக்கியம் கற்பிக்கத் தச்சுப் பட்டறை வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம். கொல்லி மலைத் தலைவன் வல்வில் ஓரி ஓர் அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியதை எடுத்துக்கொண்டு, அது இயலுமா என்று தடியும் கத்தியுமாகக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை. அங்கே புலவர் செய்வது புகழ்ச்சி. பெரும்பாணாற்றுப்படையில் செய்வதோ அன்று. அங்கே மரத்தின் பெயர், கொம்பின் இயல்பு, நாரின் பெயர், திரித்த முறை எல்லாம் வருகின்றன. ஒருவன் கையால் செய்ததைப் புலவர் இவ்வளவு கருத்தாகப் பார்த்திருக்கும்போது, நாம் அருஞ்சொற்பொருளோடு நின்றுவிட்டு, அப்பகுதியில் இல்லாத வேடனை வேறு உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டுக் கொடுத்தபின், அப்பாட்டைப் பாராமைக்கு நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் நமக்கு இல்லை.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். இரண்டு கருவிகளும் ஆசிரியர் அறைச் சுவரில் தொங்குகின்றன. பாக்கு வில்லில் இரண்டு விரற்கிடை வளைவு நிலைத்துவிட்டது. பள்ளி விடுமுறையில் நாணைக் கழற்ற மறந்தது என் தவறு. மூங்கில் யாழின் மரல் நரம்பு மழைக்காலத்தில் தளர்ந்து, வெயிலில் இறுகுகிறது. ஒரு குறை மட்டும் இருக்கிறது. குமிழங் கொம்பில் உள்ள புழை இயல்பாகவே அமைந்ததா, சோற்றைக் குடைந்து எடுத்ததா, எவ்வளவு வளைவைத் தாங்கும் என்பவற்றை மூங்கிலைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. குமிழ மரம் நிற்கும் ஊர்களில் உள்ள ஆசிரியர்கள் யாரேனும் கொம்பு ஒன்றை வெட்டி, நரம்பு கட்டிப் பார்த்து, இப்பகுதியில் எழுதினால் நன்றியுடையேன். நான் சொன்னது தவறு என்று தெரிந்தாலும் எழுதுங்கள்.